தனியாக வசிக்கும் 78 வயது அப்பாவுக்கு அவசர அழைப்பு ஸ்மார்ட்வாட்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

அல்லிக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 78 வயது ஆகிறது. அம்மா மறைந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். நானும் தம்பியும் வெவ்வேறு ஊர்களில் வேலை பார்க்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தவர், எழுந்திருக்க முடியாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். படுக்கையறையில் கைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது; அழைத்தது நான்தான். எலும்பு எதுவும் முறியாதது எங்கள் நல்ல நேரம்.

அதிலிருந்து ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தேடத் தேடக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒன்று ஈசிஜி எடுக்கும் என்கிறார்கள், இன்னொன்று இரத்த அழுத்தம் காட்டும் என்கிறார்கள், மூன்றாவது ஊசியே இல்லாமல் சர்க்கரை அளவைச் சொல்லும் என்கிறது. அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இதயத் துடிப்பு ஒழுங்கின்மை இருப்பதால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்; ஆகையால் ஈசிஜி இருப்பதுதான் முக்கியமோ என்று தோன்றுகிறது. விரல்களில் லேசான நடுக்கம் உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியை அழைப்புக்கும் செய்தி படிக்கவும் மட்டும் பயன்படுத்துவார். கடிகாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "எனக்கு எதற்கம்மா இந்த விலங்கு?" என்று சிரித்தபடி பேச்சை மாற்றிவிடுகிறார். அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.


மணிக்கூண்டு எழுதியது:

சகோதரி, நான் இதே தேடலை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் அம்மாவுக்காகச் செய்தவன். பதினான்கு கடிகாரங்களை அட்டவணை போட்டு, எந்த உணரி (சென்சார்) எதில் இருக்கிறது என்று குறித்து, அவற்றில் மிக அதிகமான வசதிகள் கொண்டதையே வாங்கினேன். அம்மாவும் மறுக்காமல் கட்டிக்கொண்டார். ஏழாவது மாதம், விடியற்காலை மூன்று மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழுந்தபோது தலைசுற்றி விழுந்தார். அந்தக் கடிகாரம் அப்போது கட்டிலுக்கு அருகில் இருந்த மேசையில், சார்ஜரின் மேல், நூறு விழுக்காட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் இரவில் சார்ஜ் போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். என் கைபேசிக்கு நான் செய்வதை அப்படியே அவருக்கும் பழக்கிவிட்டேன்.

என் அட்டவணையில் இல்லாமல் போன கேள்வி ஒன்றுதான்: ஒரு நாளில் எந்தெந்த நேரங்களில் அந்தக் கடிகாரம் அவர் கையில் இருக்காது? வயதானவர்கள் எளிதில் விழக்கூடிய நேரங்களில் இரவில் எழுவதும் குளிப்பதும் அடங்கும் என்றால், நாம் பழக்கத்தில் கழற்றி வைப்பதும் சரியாக அந்த இரண்டு நேரங்களில்தான். ஆகவே, ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு விரைவில் சார்ஜ் ஏறும் என்பதையும் பாருங்கள். ஆப்பிள் வாட்சின் வழக்கமான மாதிரிகள் நெடுங்காலமாக 18 மணி நேரம் என்ற கணக்கிலேயே விற்கப்பட்டன. அது ஓர் இரவையும் பகலையும் சேர்த்துத் தாங்காது. அதற்காக அது ஆகாது என்று சொல்ல வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் மாலை நேரத்தில், கைக்கெட்டும் இடத்தில் கைபேசி இருக்கும்போது, ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டால் இரவை ஓட்டிவிடலாம். இப்போது அம்மா செய்திகள் தொடங்கும்போது கழற்றுகிறார், தொடர் முடியும்போது கட்டிக்கொள்கிறார். இந்தப் பழக்கம் படிய ஒரு மாதம் பிடித்தது.


இரவுப்பணி எழுதியது:

முதியோர் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். மேலே சொல்லப்பட்டதுடன் முழுக்க உடன்படுகிறேன். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்குவது முதுமையில் மிகப் பொதுவானது. அழுத்த மாத்திரையும் சிறுநீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். இரவு எழுந்து நடக்கிற அந்த முதல் பத்து அடிகள்தான் எங்கள் வார்டுக்கு ஆட்களை அனுப்புகின்றன.

விழுந்ததைவிட விழுந்து கிடந்த நேரம் பல சமயம் பெரிய கேடு செய்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் உடல் வெப்பம் இறங்கும், நீர்ச்சத்து குறையும், அழுந்திய இடத்தில் தோல் புண்ணாகும். நெடுநேரம் நசுங்கிய தசை சிதைந்து, அதிலிருந்து வெளிவரும் பொருள் சிறுநீரகத்தையே பாதிப்பதும் உண்டு. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, 90 வயதைக் கடந்த 110 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 66 பேர் விழுந்தார்கள். அந்த 66 பேரில் 53 பேர் குறைந்தது ஒரு முறையாவது தாமாக எழ முடியாமல் போனார்கள். 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். இதில் என்னை உறுத்தியது வேறொன்று. அவர்களில் பலரிடம் அழைப்புக் கருவி இருந்தது. ஆனாலும் நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை. சிலர் அணிந்திருக்கவில்லை, சிலர் யாரையும் தொந்தரவு செய்ய விரும்பவில்லை, சிலர் தாமே எழுந்துவிடலாம் என்று முயன்றுகொண்டே இருந்தார்கள். அழுத்தினால்தான் வேலை செய்யும் கருவியைவிடத் தானாகவே விழுந்ததை உணரும் கருவி மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி ஈசிஜி பற்றி. கடிகாரம் எடுப்பது ஒற்றைத் தடத்தில் எடுக்கும் ஈசிஜி. மருத்துவமனையில் பத்து மின்முனைகளை ஒட்டிப் பன்னிரண்டு தடங்களில் பார்ப்பது வேறு. கடிகாரத்தின் ஈசிஜி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கண்டுபிடிக்க உதவும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. அதை விற்கும் நிறுவனங்களே அப்படித்தான் எழுதுகின்றன. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரம் சாதாரணத் துடிப்பு என்று காட்டினால், அதை நம்பி ஒருவர் படுத்துவிடுவதுதான் என் பயம். மேலும், உங்கள் அப்பாவுக்கு அந்த நோய் இருப்பது ஏற்கெனவே தெரியும்; ஆப்பிள் வாட்ச் தரும் துடிப்பு ஒழுங்கின்மை அறிவிப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானவர்களுக்கானது அல்ல என்று அதன் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆகவே அவர் விஷயத்தில் ஈசிஜிக்காக ஒரு கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அவருடைய இதய மருத்துவர் கேட்டால் அது வேறு.

ஊசியில்லாமல் சர்க்கரை அளக்கும் கடிகாரத்தைத் தொடவே தொடாதீர்கள். அப்படிப்பட்ட எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. இரத்த அழுத்த வசதி அவ்வளவு மோசமில்லை. ஆனால் சாம்சங் கடிகாரங்களில் அதைப் பயன்படுத்த நான்கு வாரங்களுக்கு ஒரு முறை கைப்பட்டையுள்ள சாதாரணக் கருவியில் அளந்து ஒப்பிட்டு வைக்க வேண்டும். கைப்பட்டைக் கருவி எப்படியும் வீட்டில் வேண்டும் என்றால் அதிலேயே அளந்துவிட்டுப் போகலாமே!

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நடந்தாலும், தெளிவாகப் பேசினாலும், மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிட வேண்டும். மண்டையோட்டுக்குள் இரத்தம் மெல்லக் கசிவது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். கடிகாரத்தில் அவசர மருத்துவக் குறிப்பு எழுதும் பகுதி இருந்தால் அந்த மாத்திரையின் பெயரை முதல் வரியில் போடுங்கள்.


சுற்றுப்பலகை எழுதியது:

தொழில்நுட்பப் பக்கத்தை நான் கொஞ்சம் சொல்கிறேன். விழுவதை உணர்வது மந்திரம் அல்ல. கடிகாரத்தில் உள்ள, வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் கைராஸ்கோப்பும் மணிக்கட்டின் அசைவைத் தொடர்ந்து பார்க்கின்றன. சட்டென்று கீழிறங்கி, பலமாக மோதி, அதன் பிறகு அசைவற்றுப் போகும் அமைப்பு தென்பட்டால் விழுந்ததாகக் கொள்கின்றன. இதிலிருந்தே அதன் குறையும் விளங்கும். நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தாலோ, சுவரைப் பிடித்தபடி வழுக்கி இறங்கினாலோ மோதல் பலமாக இராது. கடிகாரம் பேசாமல் இருந்துவிடலாம். மாறாக, மேசையை ஓங்கித் தட்டினால் விழுந்துவிட்டீர்களா என்று கேட்கும். ஆகையால், தானாக உணரும் வசதி இருந்தாலும், கையால் அழுத்தி அழைக்கும் வழியும் எளிதாக இருந்தே ஆக வேண்டும். விரல் நடுக்கம் உள்ளவருக்கு, அதுவும் ஈரக் கையில், தொடுதிரை சரிப்படாது. தண்ணீர்த் துளியையே விரலென்று எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் புடைத்து நிற்கும் மெய்யான பட்டன் ஒன்று வேண்டும், அதை அழுத்திப் பிடித்தால் அழைப்பு போக வேண்டும்.

2018இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4தான் அந்த வரிசையில் முதன்முதலில் இந்த வசதியைக் கொண்டு வந்தது. பலமாக விழுந்ததாக உணர்ந்தால் மணிக்கட்டில் தட்டி, ஒலி எழுப்பி, நலமா என்று திரையில் கேட்கும். ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவே இல்லையென்றால் 30 விநாடிகள் எண்ணிவிட்டு அவசர சேவையை அழைக்கும். பிறகு நீங்கள் கொடுத்து வைத்த எண்களுக்கு இருப்பிடத்துடன் செய்தி அனுப்பும். இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அணிபவரின் வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிவாகியிருந்தால்தான் இது தானாக இயங்கத் தொடங்கும். அவசரத்தில் மகன் தன் பிறந்த தேதியைப் போட்டுவிட்டால் அணைந்தே கிடக்கும். மணிக்கட்டில் இருப்பதைக் கண்டறியும் அமைப்பை அணைத்து வைத்தாலும் தானாக அழைக்காது. மற்ற நிறுவனக் கடிகாரங்களிலும் அமைப்புகளுக்குள் போய் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் அப்பாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. ஆப்பிள் வாட்சை ஐஃபோனுடன்தான் அமைக்க முடியும். சாம்சங்கில் 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் ஆண்ட்ராய்டு மட்டுமே. கூகுள் பிக்சல் வாட்சும் ஆண்ட்ராய்டுக்கானதுதான். விழுவதை உணரும் வசதி அதற்கு 2023இல் வந்தது. குடும்பத்தில் ஒருவரின் ஐஃபோனிலிருந்து பெரியவருக்கு ஆப்பிள் வாட்ச் அமைத்துக் கொடுக்கும் ஏற்பாடு 2020 முதல் இருக்கிறது. அதற்குச் சிம் வசதியுள்ள மாதிரி வேண்டும், சில உடல்நல வசதிகள் அதில் கிடைக்கா.

நான் மிக வலியுறுத்துவது சிம்மைத்தான். ஒரே கடிகாரம் இரண்டு வகையாக விற்கும்: கைபேசி அருகில் இருந்தால் மட்டும் அழைப்பது ஒன்று, தனக்கென்று இ-சிம் (உள்ளேயே பதிந்திருக்கும் சிம்) வைத்துக்கொண்டு தானே அழைப்பது மற்றொன்று. உங்கள் கதையிலேயே கைபேசி ஓர் அறையிலும் அப்பா வேறோர் அறையிலும் இருந்தார்கள். ப்ளூடூத் நடுவில் உள்ள சுவர்களைத் தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் போயிருக்கலாம். தோட்டத்திலோ தெருவிலோ விழுந்தால் அந்த வாய்ப்பும் இல்லை. இ-சிம் வகையையே வாங்குங்கள். அப்பா வசிக்கும் வீட்டுக்குள், குறிப்பாகக் குளியலறைக்குள், எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது, அந்த நிறுவனம் அந்தக் கடிகாரத்துக்கு இ-சிம் தருகிறதா என்பதை வாங்குமுன் கேளுங்கள். பல நாடுகளில் 2ஜியும் 3ஜியும் மூடப்பட்டுவிட்டதால், மலிவாகக் கிடைக்கும் பழைய அழைப்புக் கடிகாரங்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே செத்த கடிகாரங்களாக இருக்கக்கூடும். 4ஜியில் குரல் அழைப்பு உண்டா என்று பாருங்கள். கடைசியாகத் தண்ணீர். 50 மீட்டர் என்று எழுதியிருப்பது ஆய்வுக்கூடத்துக் குளிர்ந்த நீருக்கான கணக்கு. சோப்பும் வெந்நீர் ஆவியும் தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் அடைப்பை நாளடைவில் நலியச் செய்யும். எனினும் குளிக்கும்போது கழற்றச் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் கடிகாரம் கெட்டால் கெடட்டும்.


எண்பத்தொன்று எழுதியது:

கட்டிக்கொள்பவன் பக்கமிருந்தும் ஒருவர் பேச வேண்டும் அல்லவா? எனக்கு 81 வயது. இரண்டு ஆண்டுகளாக இப்படி ஒரு கடிகாரத்தைக் கட்டியிருக்கிறேன். வாங்கிய வாரத்திலேயே, சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்த என்னை விழுந்துவிட்டதாக முடிவு கட்டி, நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மறுப்பதற்குள் என் மருமகளை அழைத்துவிட்டது. அவள் அலுவலகக் கூட்டத்திலிருந்து எழுந்து ஓடி வந்தாள். எனக்கு வந்த வெட்கத்தில் கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டேன். நாலு நாள் அங்கேயே கிடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. மருமகள்தான், "மாமா, தப்பாக அழைத்தால் ஒன்றுமில்லை, நான் வந்து காபி குடித்துவிட்டுப் போகிறேன்" என்றாள். பிறகு எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

அம்மா அல்லிக்கொடி, உங்கள் அப்பா விலங்கு என்று சொன்னது விளையாட்டுப் பேச்சு அல்ல என்று எனக்குப் படுகிறது. அவர் எங்கே போகிறார், எப்போது தூங்குகிறார், இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்பதெல்லாம் பிள்ளைகளின் கைபேசியில் வந்துகொண்டிருக்குமோ என்ற எண்ணம் அவருக்கு இருக்கலாம். எனக்கு இருந்தது. நாங்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: நான் அழைத்தாலோ கடிகாரம் அழைத்தாலோதான் என் இருப்பிடம் அவர்களுக்குப் போகும், மற்ற நேரங்களில் போகாது. அமைப்புகளில் அதை எப்படி வைப்பது என்பதை என் கண் முன்னாலேயே செய்து காட்டினார்கள். நினைவு மங்கியவர்களுக்கு வேறு ஏற்பாடு தேவைப்படலாம். வீட்டை விட்டு வெளியேறி வழி தெரியாமல் நிற்பவரின் விஷயம் வேறு. ஆனால் புத்தி தெளிவாக உள்ள மனிதரைக் கேட்காமல் கண்காணிக்கக் கூடாது.

செவிலியர் அம்மா சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தானாக உணர்வதுதான் மேல் என்றார். எனக்கு அந்தப் பட்டன்தான் மேல். இரண்டு முறை அதை அழுத்தியிருக்கிறேன். ஒரு முறைகூட நான் விழவில்லை. ஒரு முறை மூச்சுத் திணறல், மற்றொரு முறை கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. விழுவதை மட்டும் உணரும் கருவிக்கு அந்த இரண்டுமே தெரிந்திருக்காது.

சின்ன விஷயம் ஒன்று. கடையில் வரும் ரப்பர் பட்டையின் கொக்கியை ஒற்றைக் கையால் மாட்ட என்னால் முடியவில்லை. ஒட்டிக்கொள்ளும் துணிப்பட்டை மாற்றிய பிறகுதான் தினமும் கட்டத் தொடங்கினேன். கடிகார முகத்தில் மணி பெரிய எழுத்தில் தெரியட்டும். நாங்கள் அதைக் கட்டுவதே மணி பார்க்கத்தான்.


இரவுப்பணி எழுதியது:

ஐயா சொல்வது சரி. நான் விழுவதையே நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். இரண்டும் வேண்டும். துணிப்பட்டை ஈரத்தில் ஊறினால் வயதானவர்களின் மெல்லிய தோல் புண்ணாகும். மாற்றிக்கொள்ள இரண்டு பட்டைகள் வைத்திருக்கட்டும்.


அல்லிக்கொடி எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று அப்பாவிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். ஆணி அடித்த கதையில் வாய்விட்டுச் சிரித்தவர், இருப்பிடம் பற்றிய பகுதி வந்ததும் பேச்சில்லாமல் கேட்டார். பிறகு, "அந்த ஏற்பாடு என்றால் பார்க்கலாம்" என்றார். ஈசிஜி, சர்க்கரை எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆண்ட்ராய்டுக்கு ஏற்ற, இ-சிம் உள்ள, பக்கவாட்டுப் பட்டன் உள்ள இரண்டு மாதிரிகள் எஞ்சியிருக்கின்றன. வரும் வாரம் அவரையே கடைக்கு அழைத்துப் போய்க் கட்டிப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. நானும் தம்பியும் பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறோம். கடிகாரம் முதலில் யாரை அழைக்க வேண்டும்? வாங்கிய பிறகு அது வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?


மணிக்கூண்டு எழுதியது:

முதல் எண் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் நிற்கக்கூடியவருடையதாக இருக்கட்டும். பிள்ளைகளின் எண்கள் அதற்குப் பிறகு. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்பே பேசி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு எண்ணைப் போடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பலர் எடுப்பதில்லை. கடிகாரத்தின் சிம்முக்குத் தனி எண் இருந்தால், அதை அப்பாவின் பெயரில் உங்கள் எல்லோருடைய கைபேசியிலும் சேமித்து வையுங்கள். வீட்டைச் சுற்றி யாரும் இல்லாதவர்களுக்கு, இருபத்து நான்கு மணி நேரமும் ஆட்கள் அழைப்பை எடுக்கும் மாதச் சந்தா சேவைகள் உண்டு.

சோதிப்பதற்காக யாரையும் விழச் சொல்லாதீர்கள், கடிகாரத்தைத் தரையில் எறியவும் வேண்டாம். முதலில், கடிகாரத்தின் பட்டன் உண்மையான அவசர சேவையை அழைக்குமா, நீங்கள் கொடுத்த எண்ணை அழைக்குமா என்று பாருங்கள். சேவையை அழைக்கும் என்றால் சோதனைக்காக அழுத்த வேண்டாம். உங்கள் எண்ணை அழைக்கும் என்றால், கைபேசியை அணைத்து வைத்துவிட்டு, அப்பா குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஈரக் கையால் அழுத்தட்டும். அழைப்பு வந்ததா, அவர் பேசுவது உங்களுக்கும் நீங்கள் பேசுவது அவருக்கும் கேட்டதா, செய்தியில் வந்த இருப்பிடம் சரியான தெருவைக் காட்டியதா என்று பாருங்கள். வீட்டுக்குள் ஜிபிஎஸ் தடுமாறும். ஆகவே முகவரியை எழுத்திலும் அனைவரிடமும் கொடுத்து வையுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

கதவையும் பாருங்கள். என் அம்மா இரண்டாம் முறை விழுந்தபோது கடிகாரம் சரியாக அழைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தே நிமிடத்தில் வந்தார், மாற்றுச் சாவியும் கையில் இருந்தது; ஆனால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைத்துத்தான் திறந்தோம்.


எண்பத்தொன்று எழுதியது:

நான் வாசல் கதவைச் சாவியால் மட்டும் பூட்டுகிறேன். மேல் தாழ்ப்பாளை மருமகள் கழற்றிவிட்டாள். குளியலறைக்கு வெளியிலிருந்தும் நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டு மாட்டியிருக்கிறோம்.